பெயரா? வினையா? – வியாபாரக் கடிதத்தில் ஆங்கிலச் சொற்கள்



நமது படப்பை வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் அமைந்த ஊர். ஒரு காலத்தில் மணிமங்கலம், சாலமங்கலம், கரசங்கால், ஆதனஞ்சேரி என்று சுற்று வட்டாரத்து மக்கள்தான் நமக்கு வாடிக்கையாளர்கள். துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிய பட்டியல் வரும், சரக்கு போகும், கணக்கு நோட்டில் தமிழிலேயே பற்று வரவு எழுதுவோம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ – நிஸ்ஸான் ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் வந்தன. அவற்றுக்கு முன்னும் பின்னும் இன்னும் பல வந்தன. இன்று நம்மில் பலர் அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, துடைப்பம் வரை ஆலைகளுக்கும் அவற்றின் கேன்டீன் ஒப்பந்தக்காரர்களுக்கும் சப்ளை செய்கிறோம். அங்கிருந்து வரும் ஆர்டர் ஆங்கிலத்தில் வருகிறது. பதிலும் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும்.

நம்மில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர்கள். ஆங்கிலம் படித்தால் ஓரளவு புரிந்துவிடும். எழுத உட்கார்ந்தால்தான் தயக்கம். முக்கியமாக, ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சொற்களில் எதைப் போடுவது என்று பேனா நின்றுவிடும். ‘சேல்’ என்பதா, ‘செல்’ என்பதா? ‘அட்வைஸ்’ என்பதற்கு ‘சி’ போடுவதா, ‘எஸ்’ போடுவதா? ‘லாஸ்’, ‘லூஸ்’ இரண்டில் எது?

“எப்படி எழுதினால் என்ன, விஷயம் புரிந்தால் போதாதா?” என்று சிலர் கேட்பார்கள். பத்துக்கு ஏழு இடங்களில் போதும்தான். மீதி மூன்று இடங்களில் அந்த ஒரு சொல்லின் பின்னால் நம்முடைய பணம் இருக்கிறது. அந்த இடங்கள் எவை, அங்கே சரியான சொல்லை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இந்தப் பாடம்.

1. பழைய தமிழ்ப் பாடமே கை கொடுக்கும்

பயப்பட வேண்டாம். பள்ளியில் தமிழாசிரியர் நடத்திய தொழிற்பெயர்ப் பாடத்தை மட்டும் நினைவுக்குக் கொண்டு வாருங்கள். ஒரு செயலைச் செய்யச் சொல்வது வினை. அந்தச் செயலுக்கே பெயர் வைத்தால் அது தொழிற்பெயர். தமிழில் வினையிலிருந்து பெயர் பிறக்கும் வழிகள் மூன்று.

முதல் வழி, வினைச்சொல் மாறாமல் அப்படியே பெயராவது. “மூட்டையைக் கட்டு” என்றால் ‘கட்டு’ வினை. “இரண்டு கட்டு கீரை” என்றால் அதே ‘கட்டு’ பெயர். இதை முதனிலைத் தொழிற்பெயர் என்றார்கள்.

இரண்டாம் வழி, சொல்லின் உருவமே சற்றுத் திரிந்து பெயராவது. கெடு என்பது கேடு ஆகிறது. சுடு என்பது சூடு ஆகிறது. பெறு என்பது பேறு ஆகிறது. இது முதனிலை திரிந்த தொழிற்பெயர்.

மூன்றாம் வழி, சொல்லின் கடைசியில் ஒரு விகுதி சேர்ந்து பெயராவது. நாம் அன்றாடம் சொல்லும் ‘கொடுக்கல் வாங்கல்’ இந்த வகைதான். கொடு, வாங்கு என்ற வினைகளோடு ‘அல்’ சேர்ந்திருக்கிறது.

ஆங்கிலத்திலும் இதே மூன்று வழிகள்தான். கல்லாப் பெட்டியில் நோட்டுக்கு ஓர் அறை, சில்லறைக்கு ஓர் அறை, சீட்டுகளுக்கு ஓர் அறை வைத்திருப்பது போல, ஆங்கிலச் சொற்களையும் மூன்று அறைகளில் பிரித்துப் போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2. முதல் அறை – மாறாத சொற்கள்

ஆர்டர், சப்ளை, ஸ்டாக், லோடு, ரிட்டர்ன், டிமாண்டு, கிரெடிட், டெபிட், ரீஃபண்டு, டிரான்ஸ்போர்ட் ஆகியவை எழுத்தில் மாறுவதில்லை. ‘உங்கள் ஆர்டர் வந்தது’ என்றாலும், ‘நாங்கள் ஆர்டர் செய்கிறோம்’ என்றாலும் ஒரே எழுத்துதான். நம் ‘கட்டு’ போல. எழுதும்போது இங்கே பிழை வராது.

பேசும்போது ஒரு நுட்பம் உண்டு. இந்த அறையில் உள்ள சில சொற்களைப் பெயராகச் சொல்லும்போது முதல் அசையில் அழுத்தம் விழும். வினையாகச் சொல்லும்போது அடுத்த அசையில் விழும். பதிவேட்டை ‘ரெக்கார்டு’ என்று முன்னால் அழுத்திச் சொல்வார்கள். பதிவு செய் என்பதற்கு ‘ரிகார்டு’ என்று பின்னால் அழுத்துவார்கள். பெர்மிட், இம்போர்ட், எக்ஸ்போர்ட், இன்க்ரீஸ் ஆகியவையும் அப்படியே. தமிழில் இப்படி அழுத்தம் மாறிப் பொருள் மாறுவது கிடையாது. அதனால் தொலைபேசியில் எதிர்த்தரப்பு வேறு மாதிரி உச்சரித்தால் ‘இது வேறு சொல்லோ’ என்று மலைக்க வேண்டியதில்லை.

இந்த அறையில் நமக்கு மிக வேண்டிய சொல் ‘சப்ளை’. 1939-இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்த நாளிலிருந்து நமது வரிக்கு அடிப்படைச் சொல் ‘சேல்’, அதாவது விற்பனை. 1-7-2017 முதல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த இடத்தில் ‘சப்ளை’ வந்து உட்கார்ந்தது. பட்டியலில் ‘பிளேஸ் ஆஃப் சப்ளை’ என்று இருக்கிறதல்லவா, அங்கே சப்ளை பெயர்ச்சொல். ‘வீ சப்ளை’ என்று கடிதத்தில் எழுதினால் அது வினை.

3. இரண்டாம் அறை – திரியும் சொற்கள்

குழப்பம் குடியிருப்பது இந்த அறையில்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சேல், செல்:

‘சேல்’ என்பது விற்பனை; பெயர். ‘செல்’ என்பது விற்பது, வினை. எஸ்-ஏ-எல்-இ என்பது பெயர், எஸ்-இ-எல்-எல் என்பது வினை. நடந்து முடிந்துவிட்டால் ‘சோல்டு’. ‘வீ சேல் ரைஸ்’ என்று எழுதுவது “நாங்கள் அரிசி விற்பனை” என்று பாதியில் நிறுத்துவது போல. மொத்த வியாபாரம் ‘ஹோல்சேல்’. மொத்த வியாபாரி ‘ஹோல்சேலர்’. சில கடைப் பலகைகளில் ‘ஹோல்செல்லர்’ என்று எழுதியிருப்பதைக் காணலாம், அது சரியல்ல. சில்லறையாக விற்பவரோ மொத்தமாக விற்பவரோ, பொதுவாக விற்பவர் என்றால் ‘செல்லர்’ என்பது சரி.

இந்த இரண்டு சொற்களையும் சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 4-ஆவது பிரிவில் ‘சேல்’ என்று ஒன்றையும், ‘அக்ரிமெண்ட் டு செல்’ என்று ஒன்றையும் சொல்கிறது. சரக்கின் உடைமை வாங்குபவருக்கு மாறிவிட்டால் அது ‘சேல்’. உடைமை பின்னொரு நாளில் மாறும், அல்லது ஒரு நிபந்தனை நிறைவேறிய பிறகு மாறும் என்றால் அது ‘அக்ரிமெண்ட் டு செல்’. தமிழில் சொன்னால், “விற்றுவிட்டோம்” என்பது ஒன்று, “விற்க ஒப்புகிறோம்” என்பது இன்னொன்று.

இதனால் என்ன வந்தது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கேன்டீன் ஒப்பந்தக்காரர் ஒருவர் 100 மூட்டை அரிசியைப் பார்த்து, விலை பேசி, தனியாகப் பிரித்து அவர் பெயர் எழுதி நம் கிடங்கிலேயே வைக்கச் சொல்கிறார். அடுத்த வாரம் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. இடையில் 2015 டிசம்பரில் வந்தது போல் ஒரு மழை வந்து கிடங்கில் தண்ணீர் புகுந்து அரிசி பாழாகிறது. நஷ்டம் யாருக்கு? வேறு பேச்சு இல்லாதபோது, உடைமை யாரிடமோ நஷ்டமும் அவரிடமே என்று அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவு சொல்கிறது. விற்பனை முடிந்துவிட்டது என்றால் நஷ்டம் வாங்கியவருக்கு. விற்க ஒப்பியது மட்டும்தான் என்றால் நஷ்டம் நமக்கு.

ஒரு சொல்லை மட்டும் வைத்து நீதிமன்றம் முடிவு செய்துவிடாது. சரக்கு பிரித்து வைக்கப்பட்டதா, இரு தரப்பின் எண்ணம் என்ன என்றெல்லாம் பார்க்கும். ஆனால் எண்ணத்துக்கு முதல் சாட்சி நாம் எழுதிய கடிதம்தானே? அதில் ‘வீ ஹேவ் சோல்டு’ என்று இருக்கிறதா, ‘வீ அக்ரீ டு செல்’ என்று இருக்கிறதா என்பதைத் தெரிந்தே எழுத வேண்டும்.

அட்வைஸ், அட்வைஸ்:

தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஏ-டி-வி-ஐ-சி-இ என்பது பெயர். ஏ-டி-வி-ஐ-எஸ்-இ என்பது வினை. ஒலியிலும் வேறுபாடு உண்டு. பெயரின் கடைசியில் பாம்பு சீறுவது போன்ற ஒலி. வினையின் கடைசியில் வண்டு ரீங்கரிப்பது போன்ற ஒலி.

நினைவில் வைக்க எளிய வழி சொல்கிறேன். ‘சி’ வரும் சொல்லின் கடைசி மூன்று எழுத்துகளைப் பாருங்கள், ஐ-சி-இ. அது ‘ஐஸ்’, பனிக்கட்டி. பனிக்கட்டி ஒரு பொருள்; ஆகவே பெயர். ‘எஸ்’ வரும் சொல்லுக்குள் ஐ-எஸ் என்று ‘இஸ்’ இருக்கிறது. ‘இஸ்’ ஒரு வினை. ஆகவே அந்தச் சொல்லும் வினை.

ஆலைகள் பணம் போட்டதும் ‘பேமெண்ட் அட்வைஸ்’ அனுப்புவார்கள். எந்தெந்தப் பட்டியலுக்குப் பணம் வந்தது, எதில் எவ்வளவு பிடித்தம் என்ற விவரத் தாள் அது. இது பெயர், ‘சி’ வரும். ‘கைண்ட்லி அட்வைஸ்’ என்று எழுதினால் ‘தயவுசெய்து தெரிவியுங்கள்’ என்று பொருள். இது வினை, ‘எஸ்’ வரும். ‘பேமெண்ட் அட்வைஸ் அனுப்புங்கள்’ என்றால் பணம் போட்டாயிற்று, விவரத் தாளை அனுப்புங்கள் என்று ஆகும். ‘பேமெண்ட் தேதியை அட்வைஸ் செய்யுங்கள்’ என்றால் பணம் எப்போது வரும் என்று கேட்பது. பணம் வராத நேரத்தில் முதல் வாக்கியத்தை எழுதினால், கணக்குப் பிரிவில் இருப்பவர் ‘இவருக்குப் பணம் போய்விட்டது போலிருக்கிறது’ என்று கடிதத்தை ஒதுக்கிவிடக்கூடும்.

லைசென்ஸ், பிராக்டிஸ்:

இவற்றிலும் அதே விதி. பெயருக்குச் ‘சி’, வினைக்கு ‘எஸ்’. உச்சரிப்பில் மட்டும் வேறுபாடு கிடையாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், உரிமம் என்று பெயராக வரும்போது ‘லைசென்ஸ்’ என்பதைச் ‘சி’ போட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிமுறைகளின் தலைப்பில் ‘லைசென்சிங்’ என்ற சொல் ‘எஸ்’ போட்டு வருகிறது. உரிமம் வழங்குதல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. மோட்டார் வாகனச் சட்டத்தின் ‘டிரைவிங் லைசென்ஸ்’ பெயர், ‘சி’. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் ‘அன்ஃபேர் டிரேட் பிராக்டிஸ்’, அதாவது நேர்மையற்ற வணிக நடவடிக்கை, பெயர், ‘சி’.

இங்கே ஒரு எச்சரிக்கை. இது பிரிட்டிஷ் முறை. நம் நாட்டுச் சட்டங்கள் இதைப் பின்பற்றுகின்றன. அமெரிக்க முறையில் லைசென்ஸ் இரண்டுக்கும் ‘எஸ்’, பிராக்டிஸ் இரண்டுக்கும் ‘சி’. கம்ப்யூட்டரில் மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று வைக்கப்பட்டிருந்தால், நாம் சரியாக எழுதிய ‘சி’ போட்ட லைசென்சுக்குக் கீழே சிவப்புக் கோடு போடும். அதைப் பார்த்துத் திருத்த வேண்டாம். வெளிநாட்டுக் கம்பெனியின் கடிதத்தில் வேறு மாதிரி இருந்தாலும் அவர்கள் தவறு செய்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

லாஸ், லூஸ், லூஸ்:

இது மளிகைக்காரர்களுக்கு முக்கியம். எல்-ஓ-எஸ்-எஸ் என்றால் ‘லாஸ்’, நஷ்டம், பெயர். எல்-ஓ-எஸ்-இ என்றால் ‘லூஸ்’, இழப்பது, வினை, கடைசியில் வண்டு ஒலி. எல்-ஓ-ஓ-எஸ்-இ என்றாலும் ‘லூஸ்’, ஆனால் அதற்கு நெகிழ்ந்தது, பொட்டலம் போடாதது என்று பொருள், பாம்பு ஒலி. ஒரு ‘ஓ’ தொலைந்துவிட்டால் ‘இழப்பது’ என்று நினைவில் வையுங்கள்.

சமையல் எண்ணெய் விஷயத்தில் இது விளையாட்டல்ல. முத்திரையிட்ட பொட்டலத்தில் இல்லாமல் சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் கட்டுப்படுத்துகின்றன. வழியில் டின் ஒழுகி 20 லிட்டர் இழந்தோம் என்று எழுத நினைத்து இரண்டு ‘ஓ’ போட்டு விட்டால், படிப்பவர் கண்ணில் முதலில் படுவது ‘லூஸ் ஆயில்’ என்பதுதான். நாம் செய்யாத ஒன்றை நம் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

புரூஃப், புரூவ்:

‘எஃப்’ எழுத்தில் முடிந்தால் பெயர். ‘வி’ ஒலியில் முடிந்தால் வினை. ‘புரூஃப்’ என்பது சான்று. ‘புரூவ்’ என்பது நிரூபிப்பது. ‘பிலீஃப்’ நம்பிக்கை, ‘பிலீவ்’ நம்புவது. நமக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ‘சேஃப்’ என்பது இரும்புப் பெட்டி; ‘சேவ்’ என்பது சேமிப்பது. சேமித்தால்தான் பெட்டிக்கு வேலை! சரக்கு இறக்கியதற்கு வாங்கும் கையெழுத்துத் தாள் ‘புரூஃப் ஆஃப் டெலிவரி’. பெயர் என்பதால் ‘எஃப்’.

வே, வெயிட்:

‘டீ’ எழுத்து கடைசியில் சேர்ந்து சில வினைகள் பெயராகின்றன. ‘வே’ எடை போடுவது, ‘வெயிட்’ எடை. பொட்டலத்தில் அச்சிடும் ‘நெட் வெயிட்’ பெயர். லாரி எடை மேடையைப் பலரும் ‘வெயிட் பிரிட்ஜ்’ என்கிறோம். பலகையிலும் அப்படி எழுதிவிடுகிறார்கள். சரியான சொல் ‘வே பிரிட்ஜ்’. எடை போடும் மேடை என்பதால் அங்கே வினைச்சொல் சேர்ந்து நிற்கிறது. ‘கம்ப்ளெயின்’ புகார் செய்வது, ‘கம்ப்ளெயின்ட்’ புகார். ‘ஒரு கம்ப்ளெயின் கொடுத்தேன்’ என்பது தவறு.

ரிசீவ், ரிசீட்:

‘ரிசீவ்’ பெறுவது, ‘ரிசீட்’ பெற்றது என்ற பெயர், அதற்கான சீட்டும் அதுவே. எழுத்தில் ஒரு ‘பி’ வரும்; வாயில் வராது. நம் ‘ரசீது’ இதிலிருந்து வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது பாரசீகத்திலிருந்து வந்த சொல். ‘வந்து சேர்ந்தது’ என்ற வினையே அங்கே சீட்டுக்குப் பெயராகிவிட்டது.

இந்த ‘ரிசீட்’ என்ற பெயர்ச்சொல்லில்தான் செக் வழக்குகளின் நாள் கணக்கு தொங்குகிறது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவின்படி, செக் பணமின்றித் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து நமக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸ் எதிர்த்தரப்புக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அவர் பணம் தர வேண்டும். தராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் ‘கம்ப்ளெயின்ட்’ தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு இடங்களிலும் சட்டத்தில் உள்ள சொல் ‘ரிசீட்’. அனுப்பிய நாள் கணக்கில்லை. கிடைத்த நாளே கணக்கு. இதை அறியாமல், நோட்டீஸ் அனுப்பிய தேதியிலிருந்து 15 நாள் எண்ணிக்கொண்டு அவசரப்படுவோரும் உண்டு. வங்கிச் சீட்டை மேசையில் போட்டு 30 நாளைத் தவற விடுவோரும் உண்டு. வங்கித் தகவல் கைக்கு வந்த தேதியையும், நோட்டீஸ் சேர்ந்த தேதிக்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். வழக்கு என்று வந்தால் தாமதமின்றி வக்கீலைப் பாருங்கள்.

அஃபெக்ட், இஃபெக்ட்:

‘ஏ’ எழுத்தில் தொடங்குவது வினை, பாதிப்பது. ‘இ’ எழுத்தில் தொடங்குவது பெயர், விளைவு. ‘ஏ’ என்றால் ஆக்‌ஷன், செயல் என்று நினைவில் வையுங்கள். விலை மாற்றக் கடிதங்களில் ‘வித் இஃபெக்ட் ஃப்ரம்’ என்று வருவது, இந்தத் தேதி முதல் நடைமுறைக்கு வருகிறது என்ற பொருளில். 22-9-2025 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறி, சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் போன்றவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும், நெய் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும் வந்தபோது நமக்கு வந்த சுற்றறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். தேதிக்கு முன்னால் இருக்கும் சொல் ‘இ’ போட்ட இஃபெக்ட்தான்.

ஒரே ஒரு விலக்கு. ‘பேமெண்ட்டை இஃபெக்ட் செய்யவும்’ என்ற பொருளில் கடிதம் வந்தால், அங்கே ‘இ’ போட்ட சொல்லே வினையாக வந்திருக்கிறது. நிறைவேற்று என்று பொருள். அச்சுப் பிழை என்று எண்ண வேண்டாம்.

4. மூன்றாம் அறை – விகுதி சேரும் சொற்கள்

இது எளிய அறை. வினையின் வாலில் ஒரு துண்டு ஒட்டினால் பெயர். நமக்கு அடிக்கடி வேண்டியவை:

‘மெண்ட்’ சேர்வன: பே – பேமெண்ட், அக்ரீ – அக்ரிமெண்ட், ஷிப் – ஷிப்மெண்ட்.
‘அன்ஸ்’ சேர்வன: அக்செப்ட் – அக்செப்டன்ஸ், ரெமிட் – ரெமிட்டன்ஸ், இன்ஷூர் – இன்ஷூரன்ஸ்.
‘ஷன்’ ஒலி சேர்வன: கோட் – கொட்டேஷன், இன்ஸ்பெக்ட் – இன்ஸ்பெக்‌ஷன், டிடக்ட் – டிடக்‌ஷன், கேன்சல் – கேன்சலேஷன்.
‘அல்’ சேர்வன: அப்ரூவ் – அப்ரூவல், ரினியூ – ரினியூவல்.
‘ஒய்’ எழுத்தில் முடிவன: டெலிவர் – டெலிவரி, ரெக்கவர் – ரெக்கவரி.

கொடுக்கல் வாங்கலில் நமக்கு ‘அல்’ இருப்பது போல அப்ரூவலிலும் ‘அல்’ இருப்பதைக் கவனித்தீர்களா? தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க உதவும்.

இந்த அறையிலும் பணம் தொங்கும் ஓர் இடம் உண்டு. ஆலை வாயிலில் சரக்கு இறக்கியதும் நம் டெலிவரி சலானில் ‘ரிசீவ்டு’ என்று முத்திரை போட்டுத் தருகிறார்கள். சரக்கை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நாம் நினைத்துவிடுகிறோம். ‘ரிசீட்’ வேறு, ‘அக்செப்டன்ஸ்’ வேறு. பெற்றுக்கொள்வது ஒன்று; ஒப்புக்கொள்வது மற்றொன்று. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, முன்பே பார்த்திராத சரக்கைச் சோதித்துப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பு தருகிறது. 42-ஆவது பிரிவின்படி அவர் ஏற்றுக்கொண்டதாக ஆவது மூன்று விதங்களில்: ஏற்றுக்கொண்டேன் என்று அவரே தெரிவித்தால், சரக்கை வாங்கிய பின் தன் சொந்தச் சரக்கைப் போல் கையாண்டால், நியாயமான காலம் கடந்தும் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்திருந்தால்.

ஆகவே கடிதத்தில் ‘யூ ஹேவ் அக்செப்டட்’ என்று எழுதுமுன், கையில் இருப்பது வெறும் வாயில் முத்திரையா, சோதனை முடிந்த பிறகு தரும் சீட்டா என்று பாருங்கள். முத்திரை மட்டும் இருந்தால் ‘யூ ஹேவ் ரிசீவ்டு’ என்பதே உண்மை. கூடவே, சோதனை முடிவை இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பின்னாளில் ‘நியாயமான காலம்’ என்ற பேச்சு வந்தால் அந்த ஒரு வரி உதவும்.

5. பக்கத்து வீட்டைப் பார்த்துச் சொல்லலாம்

எந்தச் சொல் என்று சந்தேகம் வந்தால், அதற்கு முன்னால் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கள்.

‘ப்ளீஸ்’, ‘கைண்ட்லி’, ‘வீ’, ‘யூ’, ‘வில்’, ‘மஸ்ட்’ ஆகியவற்றுக்கு அடுத்து வினை வரும். ப்ளீஸ் பே, கைண்ட்லி அட்வைஸ், வீ செல், யூ வில் ரிசீவ்.

‘தி’, ‘எ’, ‘யுவர்’, ‘அவர்’, ‘ஃபார்’, ‘ஆஃப்’, ‘ஆஸ் பெர்’ ஆகியவற்றுக்கு அடுத்து பெயர் வரும். யுவர் பேமெண்ட், ஃபார் சேல், புரூஃப் ஆஃப் டெலிவரி, ஆஸ் பெர் யுவர் அட்வைஸ்.

‘டு’ மட்டும் இரண்டு பக்கமும் போகும். ‘டு பே’ என்றால் வினை. ‘டு யுவர் ஆஃபீஸ்’ என்றால் பெயர். அங்கே மட்டும் தமிழில் சொல்லிப் பாருங்கள். “செய்ய” என்று வந்தால் வினை. “க்கு” என்று வந்தால் பெயர்.

6. பயிற்சி

கடைப் பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துச் செய்து பாருங்கள்.

1. ‘தயவுசெய்து பணம் செலுத்துங்கள்’: ப்ளீஸ் என்பதற்கு அடுத்து பே-யா, பேமெண்ட்டா?
2. ‘உங்கள் ஆலோசனைப்படி’: ஆஸ் பெர் யுவர் என்பதற்கு அடுத்து வரும் அட்வைஸில் சி-யா, எஸ்-ஸா?
3. ‘எங்கள் உரிம எண்’: லைசென்ஸில் சி-யா, எஸ்-ஸா?
4. ‘லாரியை எடை போடுங்கள்’: வே-யா, வெயிட்டா?
5. ‘நாங்கள் வாடிக்கையாளரை இழக்க விரும்பவில்லை’: லூஸில் ஓர் ஓ-வா, இரண்டு ஓ-வா?
6. ‘விலை உயர்வு எங்களைப் பாதிக்கிறது’: ஏ-யில் தொடங்கும் சொல்லா, இ-யில் தொடங்குவதா?
7. ‘நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து’: ஃப்ரம் தி டேட் ஆஃப் என்பதற்கு அடுத்து ரிசீவா, ரிசீட்டா?
8. ‘அடுத்த மாதம் 50 மூட்டை விற்க ஒப்புகிறோம்’: வீ அக்ரீ டு என்பதற்கு அடுத்து சேல்-ஆ, செல்-ஆ?

விடைகள்: 1. பே. 2. சி. 3. சி. 4. வே. 5. ஓர் ஓ. 6. ஏ. 7. ரிசீட். 8. செல்.

எட்டும் சரியானால் மகிழ்ச்சி. ஐந்து சரியானாலும் குறைவில்லை. தவறிய சொற்களை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, பில் போடும் மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள். கடிதத்தை முடித்ததும், சேல், அட்வைஸ், லாஸ், ரிசீட், அக்செப்டன்ஸ் ஆகிய ஐந்து சொற்கள் எங்கெங்கே வந்திருக்கின்றன என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். சரக்கை ஏற்றுமுன் மூட்டையை ஒரு முறை எண்ணுகிறோம் அல்லவா, அது போலத்தான். கடிதமும் நம் கடையிலிருந்து வெளியே போகும் சரக்கே.

வணிகம் வளர்க!